பிறந்த அன்றே கிழடான பம்பர்

அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேலே சுற்றிய உறையை உரித்து வெளியே எடுக்கும்போது பம்பர் புத்தம் புதுசு. பில்லில் போட்டிருப்பதும் புதுசின் விலைதான். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதே பில் இன்சூரன்ஸ் கம்பெனியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் பம்பருக்குப் பாதி ஆயுள் முடிந்துவிடுகிறது. வெயில் பட்டதில்லை, மழையில் நனைந்ததில்லை, ஒரு வேகத்தடையில்கூட அடிவயிறு இடித்ததில்லை. ஆனாலும் அது கிழடு. 50 சதவீதம் கழிவு. மிச்சப் பாதிக்குக் காரின் சொந்தக்காரர் பர்ஸைத் திறக்க வேண்டும்.

இது ஏதோ ஒரு அதிகாரியின் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் சாஸ்திரப்படி நடக்கிறது. 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் தேய்மானத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் காரின் வயது என்னவானாலும் 50 சதவீதக் கழிவு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. மற்றபடி தகரம், இரும்புக்கெல்லாம் காரின் வயதைப் பார்ப்பார்கள். ஆறு மாதம்வரை ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், ஒரு வருஷம்வரை 5 சதவீதம், அப்புறம் 10, 15, 25, 35 என்று ஏறி, ஐந்து வருஷம் தாண்டினால் 40, பத்து தாண்டினால் 50. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று 2007 ஜனவரியில் கட்டவிழ்த்துவிட்டார்கள். விலைக்கு விடுதலை கிடைத்தது. அட்டவணை மட்டும் பரம்பரைச் சொத்து மாதிரி பத்திரமாக இருக்கிறது.

கேட்டால் நியாயம் ஒன்று சொல்வார்கள். விபத்தை வைத்து யாரும் லாபம் பார்க்கக் கூடாதாம். பழைய பாகம் உடைந்ததற்குப் புதுப் பாகம் மாட்டிக்கொண்டால், அந்த வித்தியாசம் உங்களுக்கு லாபமாம். நடுரோட்டில் தண்ணி லாரியிடம் இடி வாங்கி, நெஞ்சு படபடக்க இறங்கி நிற்கும் மனிதரைப் பார்த்து, ‘அடடா, புது பம்பர் ஒன்று லாபம்’ என்று பொறாமைப்படும் மனசு வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? சரி, தத்துவத்தையே ஒப்புக்கொள்வோம். ஷோரூமில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி வெளியே வந்து பத்தே நாளான கார். அதன் தகரத்துக்குக் கழிவு பூஜ்யம், ஏனென்றால் கார் புதுசு. அதே காரின் பிளாஸ்டிக்குக்கு 50, ஏனென்றால் அது பிளாஸ்டிக். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு பாகங்களில் ஒன்று குழந்தை, இன்னொன்று கிழம். இதில் லாபம் யாருக்கு என்று எந்த அட்டவணையிலும் போட்டிருக்காது.

அம்பாசடர் காலத்தில் பம்பர் என்றால் குரோம் பூசிய இரும்பு. மோதினால் மரம்தான் கிளெய்ம் கேட்க வேண்டியிருக்கும். இன்றைய காரில் பம்பர், கிரில், ஹெட்லைட், ஃபாக் லேம்ப் சட்டம், சைடு மிரர் கவர், சக்கரத்துக்கு மேலே இருக்கும் லைனர், வாஷர் டேங்க், ஃபேன் கூண்டு என்று முன்னால் முட்டும் இடம் முழுக்கப் பிளாஸ்டிக்தான். எது முதலில் உடையுமோ அதற்கெல்லாம் பாதிப் பணம். எது லேசில் உடையாதோ அதற்குத் தாராளம். ஹெட்லைட்டைத் தனியாகவே சொல்ல வேண்டும். கண்ணாடிக்குத்தான் கழிவு இல்லையே, ஹெட்லைட் முன்னால் பளபளவென்று இருப்பது கண்ணாடிதானே என்று ஆசையாகப் போனால், ‘அது பாலிகார்பனேட் சார், பிளாஸ்டிக்’ என்பார்கள். உண்மைதான். விபத்தில் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகத் தெறிக்காது என்பதும் பிளாஸ்டிக்குக்கு மாறியதற்கு ஒரு காரணம். அந்தப் பாதுகாப்புக்கு அபராதம் 50 சதவீதம்.

ஏர்பேக் விஷயம் இதைவிட அநியாயம். அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை வேலை செய்யும், கண் இமைப்பதற்குள் விரிந்து உங்கள் முகத்தை ஸ்டியரிங்கிலிருந்து காப்பாற்றும். மறுபடி மாட்டப் பாதி விலை நீங்கள் தர வேண்டும். உள்ளே மடித்து வைத்த நாள் முதல் வெடித்த நொடிவரை அது தேய்ந்தது எப்படி? உயிரைக் காப்பாற்றியதில் தேய்ந்துபோயிற்று போலிருக்கிறது.

இவ்வளவும் காகிதம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் அம்பத்தூர் பக்கம் ஏதாவதொரு ஒர்க்‌ஷாப்பில், சர்வேயர் வரும் நேரமாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். காருக்குச் சொந்தக்காரர் ரிட்டயரான ஒரு டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். சர்வேயர் பேனா மூடியால் ஃபெண்டரை இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

“இது டிங்கரிங்லயே வந்துடும்.”

“சார், எட்ஜ் மடிஞ்சிருக்கு. மாத்தினாதான் டோர் கேப் சரியா உட்காரும்” என்கிறார் சர்வீஸ் அட்வைசர்.

“ரிப்பேர் போடுங்க. ஹெட்லைட்டுல லென்ஸ் நல்லாத்தானே இருக்கு? லக்தான் உடைஞ்சிருக்கு. லக் ரிப்பேர் பண்ணிடுங்க.”

லக் என்பது ஹெட்லைட்டைக் காரின் உடம்போடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காது. அதைச் சூடு காட்டி ஒட்டிவிடலாம் என்கிறார். ஒட்டலாம்தான். அப்புறம் ராத்திரியில் ஒரு லைட் ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று வேப்பமரத்தில் காக்கை தூங்குகிறதா என்று பார்க்கும். அதற்குள் பேனா மூடி பம்பர் ஓரத்துக்கு வந்துவிட்டது.

“இந்த ஸ்க்ராட்ச் ஓல்ட் டேமேஜ்.”

“அது நேத்து வரைக்கும் இல்லீங்க சார்” என்கிறார் டீச்சர்.

“மேடம், நான் கம்பெனிக்கு ரிப்போர்ட்தான் கொடுப்பேன். அப்ரூவல் அவங்க கையில.”

டீச்சர் அட்வைசரைப் பார்க்கிறார். “நாங்க எஸ்டிமேட்தான் மேடம் போடுவோம். எதை மாத்துறது, எதைத் தட்டுறதுன்னு சர்வேயர் சார்தான் சொல்லணும்.” கம்பெனிக்குப் போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து எல்லாம் முடிந்து ஒரு குரல் வருகிறது. “மேம், உங்க ஒர்க்‌ஷாப்ல செக் பண்ணிக்கோங்க.” மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேரும் வேறொருவரைக் கை காட்டுகிறார்கள். பணம் கட்டியவர் மட்டும் நடுவில் நிற்கிறார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 64UM பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட சேதத்தை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்கிறது. அவர் சுதந்திரமானவர், நடுநிலையானவர், தொழில் நெறி உள்ளவர் என்பது ஏற்பாடு. அவருக்கு ஃபீஸ் கொடுப்பது யார்? இன்சூரன்ஸ் கம்பெனி. அடுத்த வாரம் அவரைக் கூப்பிடுவதா, வேறொருவரைக் கூப்பிடுவதா என்று முடிவு செய்வது யார்? அதே கம்பெனி. கார் வாங்கிய அன்று இந்த பாலிசியை உங்கள் தலையில் கட்டியது யார்? ஷோரூம். கமிஷன் வாங்கியதும் அதுவே, இன்று எஸ்டிமேட் போடுவதும் அதன் ஒர்க்‌ஷாப்பே. சர்வேயர், ஒர்க்‌ஷாப், கம்பெனி மூவரும் ஒருவர் மூலமாக ஒருவர் சம்பாதிக்கிறார்கள். அந்தக் கொட்டகையில் யாரிடமிருந்தும் ஒரு பைசா வாங்காமல், எல்லாருக்கும் கொடுக்க மட்டுமே செய்தவர் டீச்சர் ஒருவர்தான். சந்தேகப் பார்வை விழுவதும் அவர் மேல்தான்.

பாலிசியின் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் படிக்கக் கண்ணும் பொறுமையும் உள்ளவர்கள் ஒரு வரியைப் பார்த்திருக்கலாம். பாகத்தை ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா, பணமாகக் கொடுப்பதா என்பது கம்பெனியின் விருப்பம் என்று அதில் இருக்கிறது. கார் உங்களுடையது, இடி வாங்கியது நீங்கள், தவணை கட்டுவதும் நீங்கள். விருப்பம் மட்டும் அவர்களுடையது.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது வருஷத்தில் ஓடும் ஒரு சாதாரணக் கார், முன்பக்கம் இடி. பம்பர் 12,000 ரூபாய், ஹெட்லைட் 18,000, பானெட் 15,000, ஃபெண்டர் 6,000, பெயிண்டிங் 16,000, லேபர் 8,000, கூலன்ட், கிளிப், நட்டு போல்ட் என்று 1,800. மொத்தம் 76,800. பம்பரில் ஆறாயிரம் போயிற்று, ஹெட்லைட்டில் ஒன்பதாயிரம் போயிற்று. பானெட், ஃபெண்டர் இரண்டிலும் 15 சதவீதம் போனதில் 3,150. பெயிண்டுக்கும் வயசாகும். மொத்தப் பெயிண்டிங் பில்லில் கால் பங்கு பெயிண்டின் விலை என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 2,000. டப்பாவில் இருந்த பெயிண்ட் எப்போது தேய்ந்தது என்று கேட்காதீர்கள். நட்டு போல்ட்டுக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் என்று பெயர், அதற்குச் சல்லிக்காசு வராது. நட்டும் போல்ட்டும் இல்லாமல் பானெட்டைப் பக்தியால் நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் கட்டாயக் கழிவு 1,000. ஆக 22,950 ரூபாய் உங்கள் கையிலிருந்து. இதுவும் எந்தப் பாகத்துக்கும் பேனா மூடி வைத்தியம் நடக்காமல், கேட்டதெல்லாம் அப்ரூவ் ஆனால்தான். கிளெய்ம் வாங்கிய குற்றத்துக்கு அடுத்த வருஷ நோ கிளெய்ம் போனஸும் போகும்.

“அதுக்குத்தான் சார் ஜீரோ டெப் எடுக்கணும்” என்று பாதிப் பேர் சொல்வது காதில் விழுகிறது. ஜீரோ டெப், பம்பர் டு பம்பர் என்றெல்லாம் விற்பது என்ன? அவர்களே போட்ட கழிவை அவர்களே கழிக்காமல் விடுவதற்கு ஒரு கட்டணம். நட்டு போல்ட்டுக்கு வேண்டுமா, கன்ஸ்யூமபிள்ஸ் கவர் தனி. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் வேண்டுமா, எஞ்சின் கவர் தனி. டயருக்குத் தனி, சாவிக்குத் தனி, போனஸைக் காப்பாற்றத் தனி. பந்தியில் உட்கார வைத்து இலையைப் போட்டுவிட்டு, சோற்றுக்கு ஒரு டோக்கன், குழம்புக்கு ஒரு டோக்கன் என்று வசூலிப்பது போலத்தான். அதையும் பெரும்பாலும் ஐந்து வருஷம்வரையே தருவார்கள். பல பாலிசிகளில் வருஷத்துக்கு இரண்டே கிளெய்ம். கார் பழசாகி, பாதுகாப்பு நிஜமாகவே தேவைப்படும் வயதில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே பொறுமை போய்விட்டது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து விற்கும் ஒவ்வொரு புது வண்டிக்கும் ஐந்து வருஷத்துக்கு பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. நாடே பரபரத்தது. இன்சூரன்ஸ் தரப்பும் வண்டி தயாரிப்பாளர் தரப்பும் நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஓடிவந்தன. செப்டம்பர் நடுவிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பிளாஸ்டிக் பம்பராவது பாதி ஆயுளோடு பிறக்கிறது. அந்த உத்தரவுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

எஞ்சின் கவர் என்றதும் வெள்ளம் ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை வைத்துக்கொண்டு பட்டவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் அது வெள்ளச் சேதம் இல்லையாம், விளைவுச் சேதமாம். தண்ணீர் தொட்டதற்குப் பணம் உண்டு, தண்ணீர் கெடுத்ததற்கு இல்லை. ஜனங்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். பெரும்பாலான காருக்குப் பாலிசி இருந்திருக்கும். அதன் சொந்தக்காரர்கள் நம்பியது காங்கிரீட்டை.

எல்லாப் பழியையும் இன்சூரன்ஸ் கம்பெனி மேலேயே போட்டால் கார் கம்பெனிகள் கோபித்துக்கொள்ளும். பம்பருக்கு இவ்வளவு விலை வைத்தவர்கள் அவர்கள்தானே? ஒரிஜினல் பாகங்களைத் தங்கள் டீலர்களைத் தவிர வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்பீல், அதற்கு மேல் அப்பீல். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நாள் முழுக்க லைனிலிருந்து கார் இறங்குகிறது, ஆசியாவின் டெட்ராய்ட் என்று மார் தட்டுகிறோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பூந்தமல்லிக்கு ஒரு ஃபெண்டர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது. “பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருக்கோம் சார், பேக் ஆர்டர்ல இருக்கு.” வங்கியின் மாதத் தவணைக்குப் பேக் ஆர்டர் கிடையாது.

வெறுத்துப்போய்ப் புதுப்பேட்டைக்குப் போகிறீர்கள். அங்கே பிரித்துப் போட்ட கார்களின் மலைக்கு நடுவில் உங்கள் காருக்குப் பொருந்தும் ஹெட்லைட் கிடைக்கிறது, கம்பெனிப் பொருள், கீறல் இல்லை, விலை கால்வாசி. கம்பெனிக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். ஒத்துக்கொள்வார்களா? ஜிஎஸ்டி பில் எங்கே என்பார்கள். புதுசைப் பழசு என்று கணக்கெழுதுவார்கள், பழசைப் பழசு என்று கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். உடைந்து கழற்றிய பம்பரின் கதையும் உண்டு. அதற்குச் சால்வேஜ் மதிப்பு போட்டு உங்கள் தொகையில் கழிப்பார்கள், இல்லை, பாகத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். புது பம்பருக்குப் பாதிதான் மதிப்பு என்றவர்களுக்கு உடைந்த பம்பரில் மதிப்பு தெரிகிறது. பாதி விலையை நீங்கள் கொடுத்த பின்னும் பழசு முழுசாக அவர்களுக்கு.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை அனுப்ப வேண்டும், 15 நாளில் அவர் ரிப்போர்ட் வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதி போட்டிருக்கிறது. சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டால் தர வேண்டும். சர்வேயர் சொன்னதுதான் முடிந்த முடிவு, மீற முடியாத வேதம் என்றெல்லாம் இல்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதுவும் ஒரு வாகன விபத்து வழக்கில். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் பிடிக்கவில்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம்வரை விசாரிப்பார், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். இதையெல்லாம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரிந்தாலும், கார் இல்லாமல் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவில் அலைந்துகொண்டு, ஹெட்லைட்டில் போன ஒன்பதாயிரம் ரூபாய்க்காக மனு எழுத உட்காருபவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தொழிலின் மூலதனமே நம்முடைய சலிப்புதான். ஒவ்வொருவரும் ஐயாயிரத்தையும் எட்டாயிரத்தையும் ‘தொலையட்டும்’ என்று விடுவதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த லாபத்துக்கு ஒரு நாளும் தேய்மானம் கிடையாது.

கடைசியில் கார் ரெடியாகும். ஃபெண்டர் தட்டி எடுத்ததுதான், ஹெட்லைட் காது ஒட்டியதுதான். சாவியை எடுக்கும் முன் கவுண்டரில் ஒரு தாளை நீட்டுவார்கள். சாட்டிஸ்ஃபாக்‌ஷன் வவுச்சர். வேலை முழுத் திருப்தியாக நடந்திருக்கிறது, வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், கீழே கையெழுத்து. வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே திருப்தி அடைந்துவிட வேண்டும், இல்லையென்றால் கேஷ்லெஸ் பணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகாது, சாவி உங்களிடம் வராது. கம்பெனிகள் வாங்கும் இப்படிப்பட்ட முழுத் தீர்வு வவுச்சர்களில் கையெழுத்துப் போட்டதாலேயே மேலும் கேட்கும் உரிமை பறிபோகாது என்று 2015-லேயே ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுத் தாளையும் படித்தார். கையெழுத்துக்கு மேலே, கரும்பலகையில் எழுதுகிற அழகோடு, ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன். ஹெட்லைட், ஃபெண்டர் மாற்றப்படவில்லை’ என்று எழுதித் தேதி போட்டார்.

அட்வைசர் பதறிவிட்டார். “மேடம், இப்படி எழுதினா சிஸ்டம்ல ஏத்த முடியாது மேடம். வேற ஃபார்ம் தரேன், சும்மா சைன் மட்டும் போடுங்க.”

“ஏத்துறது உங்க வேலை தம்பி. முதல்ல இதுல எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க.”